ஸ்கேனில் தெரியாத காயம்

2020 ஜனவரி 8 அதிகாலை, ஈராக்கின் அல் அசாத் தளத்தில் இருந்த அமெரிக்கப் படையினர்மீது ஈரானின் ஏவுகணைகள் விழுந்தன. யாருக்கும் காயமில்லை என்றே முதலில் அறிவித்தார்கள். பிப்ரவரிக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மூளைக் காயம் உறுதியானது. ஏன் இந்தத் தாமதம்?

குண்டு வெடிக்கும்போது காற்றழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எகிறி இறங்குகிறது. அந்த அலை மண்டையோட்டைக் கடந்து மூளைக்குள் பாய்கிறது. மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெண் பகுதிக்கும் அடர்த்தி வேறு. 2016இல் நரம்பு நோயியல் நிபுணர் டேனியல் பெர்ல் குழுவினர், குண்டுவெடிப்புக்கு ஆளாகிப் பின்னர் இறந்த வீரர்களின் மூளையில் இவ்விரு பகுதிகளும் சேரும் எல்லையில் நுண்ணிய தழும்புகளைக் கண்டார்கள். நுண்ணோக்கிக்கு மட்டுமே தெரிபவை அவை. ரத்தக்கசிவு இல்லையென்றால் சி.டி. ஸ்கேன் 'எல்லாம் சரி' என்றே சொல்லும். வீரருக்கோ தலைவலி, காதிரைச்சல், தூக்கமின்மை, மறதி.

அதனால்தான், 50 மீட்டருக்குள் வெடிப்பு நேர்ந்தால், 'நான் நன்றாக இருக்கிறேன்' என்பவரையும் சோதித்து, குறைந்தது 24 மணிநேரம் ஓய்வளிக்க வேண்டும் என்று அமெரிக்க ராணுவத்தில் விதி வந்தது. மருத்துவ உதவியாளர் ஐந்து சொற்களைச் சொல்கிறார். வீரர் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்கிறார். சற்று நேரம் கழித்து, அந்த ஐந்து சொற்களை மீண்டும் கேட்கிறார். தடுமாறினால் விஷயம் இருக்கிறது.

இப்போது ரத்தமும் சாட்சி சொல்கிறது. அடிபட்ட மூளைச் செல்களிலிருந்து கசியும் இரண்டு புரதங்களை முழு ரத்தத்திலேயே 15 நிமிடத்தில் அளக்கும் கையடக்கக் கருவிச் சோதனைக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எனக்குக் கவலை வேறு இடத்தில். பீரங்கி வீரர்களும் பயிற்றுநர்களும் தங்கள் ஆயுதத்தின் அதிர்வையே ஆண்டுக்கணக்கில் வாங்குகிறார்கள். ஒவ்வொரு அதிர்வும் சிறியது என்பதால் ஒற்றை வெடிப்புக்கான விதி அவர்களைப் பிடிக்காது. அவர்களுக்கு அழுத்தமானி அணிவித்து, மொத்தக் கணக்கைப் பணிப்பதிவிலேயே எழுதி வைக்க வேண்டும்.