விரைப் புற்றுநோய்: பரவிய பிறகும் குணமாகும்

2024 பிப்ரவரி 11 அன்று ஆபிட்ஜானில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை கால்பந்து இறுதியாட்டத்தில் நைஜீரியாவை வீழ்த்தி ஐவரி கோஸ்ட் கோப்பையை வென்றது. வெற்றிக் கோலை அடித்தவர் செபாஸ்டியன் ஹாலர். 2022 ஜூலையில், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கிளப்பில் சேர்ந்த சூட்டோடு அவருக்கு விரையில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அப்போது வயது 28. இரண்டு அறுவை சிகிச்சைகளையும் நான்கு சுற்று கீமோதெரபியையும் முடித்துக்கொண்டு 2023 ஜனவரியில் மைதானத்துக்குத் திரும்பினார்.

விளையாட்டு வீரரின் உடல்வலிமைதான் அவரைக் காப்பாற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். விரையோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் ஐந்தாண்டு கடந்து வாழ்பவர்கள் 99 சதவீதம் என்கின்றன அமெரிக்கப் புள்ளிவிவரங்கள். தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகும் பத்தில் ஏழு பேருக்கு மேல் அந்த ஐந்தாண்டைக் கடக்கிறார்கள்.

மற்ற புற்றுநோய்கள் பெரும்பாலும் முதுமையில் வருகின்றன; இதுவோ 15 முதல் 40 வயதுக்குள்தான் அதிகம் தாக்குகிறது. நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளில் கூடுதலாகவும், இந்தியாவில் ஆண்டுக்கு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகவும் காணப்படுகிறது. குறைவு என்பதாலேயே நம் வீடுகளில் இதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் வலியில்லாமல் கெட்டியாக ஒரு கட்டி தட்டுப்படும். அல்லது விரை கனத்துத் தொங்குவதுபோல் இருக்கும். விரைவீக்கம், ஓதம், பந்து பட்ட அடி என்று ஏதோ ஒரு பெயர் வைத்து மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். அடிபடுவதால் இந்தப் புற்றுநோய் வருவதில்லை. அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்க்கும்போது ஏற்கெனவே இருந்த கட்டி கைக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

உறுதியாகத் தெரிந்த காரணங்களில் முக்கியமானது, குழந்தைப் பருவத்தில் விரை கீழே இறங்காமல் வயிற்றிலோ தொடையிடுக்கிலோ நின்றுவிடுவது. ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்து இறக்கி வைத்தால் ஆபத்து குறையும், முழுதாக நீங்காது. அப்படி அறுவை செய்துகொண்ட பையன் பெரியவனானதும், பெற்றோர் அதை அவனிடம் சொல்லிவைப்பது கடமை.

சந்தேகம் வந்தால் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், கூடவே ஏஎஃப்பி, எச்சிஜி, எல்டிஎச் என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகள். இதில் எச்சிஜி, கர்ப்பத்தை உறுதிசெய்யப் பார்க்கும் அதே ஹார்மோன்தான். வேறு இடத்துக் கட்டி என்றால் ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதிப்பார்கள். இங்கே அப்படிச் செய்யக்கூடாது. கருவில் விரைகள் சிறுநீரகங்களுக்கு அருகில் உருவாகிப் பிறகே கீழே இறங்குகின்றன. அதனால் அவற்றின் நிணநீர் இன்றும் வயிற்றின் பின்புறம், சிறுநீரகங்களை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளுக்குத்தான் போகிறது. விரைப்பைத் தோலின் நிணநீரோ தொடையிடுக்குக்குப் போகிறது. பை வழியாக ஊசியோ கத்தியோ பட்டால் நோய்க்குப் புதிதாக ஒரு பாதை திறந்துவிடும். ஆகவே தொடையிடுக்கில் கீறி, விரையை முழுதாக வெளியே எடுத்து, அதன் பிறகே சோதிக்கிறார்கள். சிலருக்கு விடாத முதுகுவலியே முதல் அறிகுறியாக இருப்பதற்கும் வயிற்றின் பின்புறமுள்ள அந்த முடிச்சுகளே காரணம்.

எடுத்த விரையைச் சோதித்தால், மெதுவாக வளரும் செமினோமாவா, வேகமாகப் பரவக்கூடிய மற்ற வகையா என்பது தெரிந்துவிடும். அடுத்த சிகிச்சை அதைப் பொறுத்தது. நோய் விரையோடு நின்றிருந்தால் பலருக்கு மேற்கொண்டு மருந்தே வேண்டாம். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையுமாகப் பல ஆண்டுகள் கண்காணித்தால் போதும். செமினோமாவுக்குக் கார்போபிளாட்டின் ஊசியும் கதிர்வீச்சும் உண்டு. பரவியிருந்தால் பிளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின் மூன்றும் சேர்ந்த கீமோ, 21 நாளுக்கு ஒரு சுற்று வீதம் மூன்று அல்லது நான்கு சுற்று. அதன் பிறகும் வயிற்றின் பின்புறம் கட்டி மிஞ்சினால் அதை அறுத்தெடுக்க வேண்டியிருக்கும். கைதேர்ந்த மருத்துவர்கள் உள்ள பெரிய புற்றுநோய் மையத்தில் மட்டுமே அதைச் செய்துகொள்ள வேண்டும்.

நிலைமையைப் புரட்டிப்போட்டது சிஸ்பிளாட்டின். 1965இல் பார்னெட் ரோசன்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி பாக்டீரியாவின் மீது மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தபோது, அவை பிளவுபட்டுப் பெருகாமல் நின்றன. மின்சாரம் காரணமல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினமே காரணம் என்று பிறகு கண்டார். அதிலிருந்து பிறந்த மருந்தே சிஸ்பிளாட்டின். 1974இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஐன்ஹார்ன், நுரையீரல் வரை நோய் பரவிய ஓர் இளைஞருக்கு அந்த மருந்தை வேறு இரண்டு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தார். அவர் பிழைத்தார். அதற்கு முன்பு, பரவிய நிலையில் பத்தில் ஒருவர் பிழைத்தாலே பெரிது.

மருந்துக்கு விலையும் உண்டு. சிஸ்பிளாட்டின் காதுகளையும் சிறுநீரகத்தையும் விரல் நரம்புகளையும் பாதிக்கலாம். பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கலாம். பின்னாளில் எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் பிளியோமைசின் ஏற்றியதைச் சொல்லியாக வேண்டும்.

கேட்கத் தயங்குகிற கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஒரு விரை எடுக்கப்பட்டாலும் மற்றொன்று நன்றாக இருந்தால் தாம்பத்தியத்துக்கும் தந்தையாவதற்கும் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் கீமோ விந்தணுக்களைக் குறைக்கும். சிலருக்கு அவை திரும்ப வராமலும் போகலாம். எனவே சிகிச்சை தொடங்கும் முன்பே விந்தணுவை உறையவைத்துச் சேமித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் மறந்தாலும் நோயாளி கேட்க வேண்டும். திருமணமாகாத பையன் என்றால் அப்பாவோ அண்ணனோ கேட்கட்டும்.

கட்டியோ வீக்கமோ இரண்டு வாரத்தில் வடியவில்லை என்றால், மாத்திரையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். யூராலஜி மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.