கடவுச்சொல் கேட்பது யார்?

ஆன்டிவைரஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியதிலிருந்து மெயில் புரோகிராம் ஓயாமல் கடவுச்சொல் கேட்கிறதாம். "சரியாகத்தான் அடிக்கிறேன், ஏற்க மாட்டேன் என்கிறது. வைரஸா?" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

பெரும்பாலும் இல்லை. ஆனால், கேட்பது யார் என்று பார்க்காமல் எதையும் அடிக்காதீர்கள். திரை மங்கி நடுவில் பெட்டி வந்தால் அது விண்டோஸ். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. ஆன்டிவைரஸே கேட்டால், அதன் செட்டிங்ஸுக்கு யாரோ பூட்டுப் போட்டிருக்கிறார்கள். எல்லா இணையதளங்களும் கேட்டால், 'கிளீன் அப்' என்ற பெயரில் குக்கீகள் துடைக்கப்பட்டிருக்கும்.

மெயில் சங்கதிதான் விசித்திரம். மெயில் சர்வரோடு நடக்கும் பேச்சு மறையாக்கம் செய்யப்பட்டது. ஆன்டிவைரஸாலும் படிக்க முடியாது. அதனால் சில ஆன்டிவைரஸ்கள் நடுவில் புகுந்து, பிரித்துப் படித்து, தங்கள் சொந்தச் சான்றிதழோடு மறுபடி மூடி அனுப்புகின்றன. எங்கள் விடுதி வார்டன் வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்து, ஒட்டி, தன் முத்திரையைக் குத்தித் தருவார், அதே வேலை. மறுபடி நிறுவும்போது முத்திரை மாறிவிடலாம். தண்டர்பேர்ட் போன்ற மெயில் புரோகிராம்கள் விண்டோஸை நம்பியிராமல் தமக்கென்று ஒரு சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருக்கின்றன. புது முத்திரை அதில் இல்லையென்றால் இணைப்பு அறுந்துபோகும். சில புரோகிராம்கள் அதைக் கடவுச்சொல் கோளாறு என்று எண்ணிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்கும்.

ஆன்டிவைரஸில் மெயில் ஸ்கேனை மட்டும் சற்று நேரம் நிறுத்திப் பாருங்கள். தொல்லை நின்றால் அதுதான் காரணம். நிற்கவில்லை, உங்களுடையது ஜிமெயில் என்றால், 2022 மே இறுதியிலிருந்து கூகுள் இத்தகைய புரோகிராம்களிடமிருந்து வழக்கமான கடவுச்சொல்லை ஏற்பதில்லை. கூகுளின் உள்நுழைவுப் பக்கம் வழியாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' வேண்டும். சேமித்திருந்த ஆப் பாஸ்வேர்டு அழிந்திருந்தால், நீங்கள் 'சரியாக' அடிக்கும் வழக்கமான கடவுச்சொல் கூகுளுக்குத் தவறுதான்.

மெயில் ஸ்கேனை நிரந்தரமாகவே நிறுத்திவிடலாம் என்பது என் கட்சி. மெயிலோடு வரும் கோப்பை வட்டில் சேமிக்கும்போது ஆன்டிவைரஸ் எப்படியும் சோதிக்கத்தான் போகிறது. இப்படி நடுவில் புகும் மென்பொருள்கள் பல, இணைப்பின் பாதுகாப்பைக் குறைத்தன என்று 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. காவலுக்கு வைத்ததே கதவை இளக்குகிறது. நாமும் அதற்குச் சளைக்காமல், ரிப்பேர் கடையில் கணினியைக் கொடுக்கும்போது கடவுச்சொல்லையும் சீட்டில் எழுதி மேலே ஒட்டிக் கொடுக்கிறோம். அப்படிக் கொடுத்திருந்தால், மெயில் சரியானதும் அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.