மூவர் பாடிய 'மடை திறந்து': சித்தூர் வீட்டில் ஒரு வழக்கு

சித்தூரில் நமக்கு ஒரு நண்பர் உண்டு. மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். ஆரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைப்புக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது, அப்பாவுக்கும் மகனுக்கும் பலத்த வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"வாங்க சார், இந்த அக்கிரமத்தை நீங்களே கேளுங்க" என்று நண்பர் வரவேற்றார்.

மகனின் கைப்பேசியில் 'மடை திறந்து' பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நாம் கேட்டுப் பழகிய பாட்டு அல்ல. மெட்டு அதேதான், நடுவே சிலர் தாளத்தோடு கடகடவென்று பேசுகிறார்கள். 'ராப்' என்கிறார்களே, அது.

"பாலு பாடின பாட்டு சார். நம்ம பக்கத்துப் பிள்ளை. அதை இப்படிப் பேசிப் பேசிக் கெடுத்துட்டாங்களே!" என்றார் நண்பர்.

"கெடுக்கலை நைனா. இது வேற பாட்டு" என்றான் மகன்.

தீர்ப்புச் சொல்லுமுன் இரு தரப்பின் பூர்வோத்தரத்தையும் பார்த்துவிடுவோம்.

கோனேட்டம்பேட்டைப் பிள்ளை

எஸ்.பி. பாலசுப்ரமணியம் 1946 ஜூன் 4 அன்று பிறந்தவர். சொந்த ஊர் நகரிக்குப் பக்கத்திலுள்ள கோனேட்டம்பேட்டை. அன்று அது சித்தூர் மாவட்டம். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததால், இன்று திருவள்ளூர் மாவட்டம். நகரியிலும் காளஹஸ்தியிலும் பள்ளிப் படிப்பு, பி.யு.சி. திருப்பதியில். ஆகவே நண்பர் உரிமை கொண்டாடுவதில் தவறில்லை.

1980-ல் பாரதிராஜாவின் 'நிழல்கள்' படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, பாலு பாடியது இந்தப் பாட்டு. வாய்ப்புத் தேடி அலையும் ஓர் இளம் இசைக் கலைஞன் தன் நல்ல காலத்தைக் கனவு காண்கிறான், சந்திரசேகர் நடித்திருந்தார். வெளியூரில் வேலை தேடி அலைந்தவர் யாருக்கும் அந்தப் பாட்டு சொந்தப் பாட்டாகத்தான் தோன்றும்.

மலேசியாவில் மூவர்

இனி எதிர்த் தரப்பு. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவர் கொண்ட 'யோகி பி அண்ட் நட்சத்ரா' என்ற மலேசியக் குழு, 2006-ல் 'வல்லவன்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதில் தனிப்பாட்டாகப் புகழ் பெற்றதுதான் இந்தப் புதிய 'மடை திறந்து'. யோகி பி இதற்கு முன்பே, 1990-களில், 'பொயட்டிக் அம்மோ' என்ற குழுவில் ராப் பாடியவர். தமிழ்நாட்டு வானொலிகளில் இந்தப் பாட்டு ஒலித்த மறு ஆண்டே, 'பொல்லாதவன்' படத்திலும் அவர் குரல் கேட்டது.

மலேசியத் தமிழர்களில் மிகப் பலர், ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். வட ஆற்காடு, திருச்சி, தஞ்சை ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். 1911 வரை சித்தூரும் வட ஆற்காடு ஜில்லாவில்தான் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அந்தக் குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தன. பட்டணத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்ட இளையராஜாவும் தெரியும், தெருவில் கேட்ட அமெரிக்க ராப்பும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பாடினார்கள்.

ராப்பும் புர்ரகதையும்

ராப்பும் ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் கலைதான். 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு விருந்தில் இசைத்தட்டு ஓட்டிய கூல் ஹெர்க் என்ற இளைஞரிடமிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவார்கள். அவர் ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. 1979-ல் 'சுகர்ஹில் கேங்' என்ற குழு வெளியிட்டதே உலகப் புகழ் பெற்ற முதல் ராப் தட்டு. அவர்களும் மூவர். அவர்களும் 'ஷிக்' என்ற வேறொரு குழுவின் இசை மேல்தான் பேசினார்கள். மூல இசையமைத்தவர்கள் உரிமை கேட்க, பிறகு அவர்கள் பெயர் தட்டில் சேர்க்கப்பட்டது. பழைய மெட்டின் மேல் புதிய பேச்சு என்பது இந்தக் கலையின் பிறவிக் குணம்.

நண்பரிடம் கேட்டேன்: "நீங்க புர்ரகதை பார்த்ததில்லையா?"

நடுவில் தம்புராவோடு கதை சொல்பவர் ஒருவர். இரு பக்கமும் தாளக் கருவியோடு இருவர். ஒருவர் நாட்டு நடப்புப் பேசுவார், ஒருவர் சிரிக்க வைப்பார். பாட்டும் பேச்சும் தாளம் தப்பாமல் மாறி மாறி வரும். பாலுவின் தந்தை சாம்பமூர்த்தியே ஹரிகதைக் கலைஞர். ஹரிகதையிலும் பாட்டுக்கு நடுவே பேச்சு உண்டு. தாளத்தில் பேசுவது பாலுவின் வீட்டுக்குப் புதிதல்ல.

நண்பர் கொஞ்சம் இறங்கி வந்தார். "இருந்தாலும் அந்தக் குரல் வருமா சார்?" என்றார். வராது. 2020 செப்டம்பர் 25-ல் பாலு மறைந்தபோது இந்த வீட்டில் அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை.

தெலுங்கு எழுத்தில் தமிழ்ப் பாட்டு

அப்போதுதான் பையனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். ராப் வரிகளைக் கேட்டுக் கேட்டு முழுவதும் எழுதி வைத்திருந்தான், தெலுங்கு எழுத்தில். ஒன்றாம் வகுப்பிலிருந்து தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் படித்தவன். வீட்டுக்கு வரும் தமிழ்ப் பத்திரிகையை அவனால் படிக்க முடியாது. நண்பருக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை அது. இரண்டு முறை அரிச்சுவடி வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். பையன் தொடவில்லை. ஆனால் மலேசியப் பிள்ளைகளின் பாட்டுக்காக, யாரும் சொல்லாமலே நாலு பக்கம் தமிழ் எழுதியிருக்கிறான்.

"நைனா, மடைன்னா என்ன?" என்று கேட்டான் பையன்.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஏரியில தூமு இருக்கில்ல, அதுதாண்டா மடை" என்றார். தம் ஊர் ஏரியில் மடை திறக்கும் நாளில், சிறுவர்களெல்லாம் வாய்க்காலோடு தண்ணீருக்கு முன்னால் ஓடியதைச் சொல்லத் தொடங்கினார். பையன் கைப்பேசியை வைத்துவிட்டுக் கேட்டான். இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த ஏரியைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே வந்ததில்லை என்றார் நண்பரின் மனைவி.

வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை. நான் விடைபெற்றபோது, அதே நோட்டுப் புத்தகத்தில் தெலுங்கு வரிக்குக் கீழே நண்பர் தமிழில் இரண்டு எழுத்து எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார்: ம, டை. பையன் அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான்.