எடை குறைப்பு ஆபரேஷனும் உயிர்ப் பயமும்

(கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க வேண்டியது)



உடல் எடை மிக அதிகமாகி, சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, மூட்டு வலி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் போதாமல் போன சிலருக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனை டாக்டர்கள் சொல்கிறார்கள். இது அழகுக்காகக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது அல்ல. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, இரைப்பையின் பெரும் பகுதியை எடுத்துவிடுவார்கள். அல்லது இரைப்பையின் மேல் பகுதியைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைப்பார்கள். பிறகு பசி குறையும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும். எடை இறங்கும்.

சரி, தேதி குறித்தாகிவிட்டது. ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. "மயக்க மருந்து கொடுத்த பிறகு கண் முழிக்காமலே போயிட்டா? பிள்ளைங்க கதி என்ன?" என்று மனம் அடித்துக்கொள்கிறது. வாய்விட்டுச் சொன்னால், "நல்ல நேரத்துல அபசகுனமா பேசாதே" என்று வீட்டில் அடக்கிவிடுகிறார்கள். இந்த நிலையில் இருக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம்.

பயம் கோழைத்தனம் அல்ல

பிரசவத்துக்குப் போகும் தாய்க்கும் இந்தப் பயம் உண்டு. பிள்ளை குட்டி உள்ளவர்களுக்கு உயிர்மேல் பயம் வருவது இயற்கை. அதை உள்ளேயே போட்டுப் பூட்டினால்தான் வளரும். வெளியே எடுத்துக் கேள்வியாக மாற்றினால் அதற்குப் பதில் கிடைக்கும்.

உண்மை நிலை என்ன?

"ஒண்ணுமே ஆகாது" என்று யாராவது சொன்னால் அது முழு உண்மை அல்ல. அனுபவமுள்ள மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் செய்துகொள்பவர்களில், முதல் 30 நாட்களுக்குள் 1,000 பேருக்குச் சுமார் 1 முதல் 3 பேர் வரை இறக்கக்கூடும். மற்றவர்கள் பிழைத்து வீடு திரும்புகிறார்கள்.

ஆபரேஷன் வேண்டாம் என்று இருந்துவிட்டால் ஆபத்தே இல்லையா? அதுவும் இல்லை. சுவீடன் நாட்டில் ஆபரேஷன் செய்துகொண்ட 2,010 பேரையும், அதே போல் எடை மிகுந்து ஆபரேஷன் செய்துகொள்ளாத 2,037 பேரையும் ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்தார்கள். 2007-ல் வெளியான கணக்குப்படி, ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 101 பேரும், செய்துகொள்ளாதவர்களில் 129 பேரும் இறந்திருந்தார்கள். இரண்டு பக்கத்தையும் எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

முக்கியமானவை இரண்டு. ஒன்று, கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போவது. இதைத் தடுக்க ஊசி போடுவார்கள். ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்வார்கள். வலிக்குதே என்று படுத்துவிடாதீர்கள். அந்த நடை உயிர் காக்கும்.

இரண்டாவது, இரைப்பையில் தைத்த இடத்தில் கசிவு ஏற்படுவது. காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, தாங்க முடியாத வயிற்று வலி, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும், வீட்டுக்கு வந்த பிறகானாலும், "விடிஞ்சதும் பார்க்கலாம்" என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே.

மயக்க மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆபரேஷன் முடியும்வரை மயக்க மருந்து டாக்டர் பக்கத்திலேயே இருந்து மூச்சையும் நாடித் துடிப்பையும் கவனிப்பார்.

துணைவர் செய்ய வேண்டியது

தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வருகிறதா? இது தூங்குபவருக்குத் தெரியாது; பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பீடி, சிகரெட், மதுப் பழக்கம், நாட்டு மருந்து எதையும் மறைக்க வேண்டாம். புகைப்பதைச் சில வாரங்களுக்கு முன்பே விட வேண்டும்.

சாப்பிடாமல் இருக்கச் சொன்ன நேரத்தில் "ஒரு வாய் காப்பிதானே" என்று கொடுத்துவிடாதீர்கள்.

பயத்தைச் சொன்னால் வாயை அடைக்காமல் கேளுங்கள். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, பாங்க் புத்தகம் எங்கே, கொடுக்கல் வாங்கல் என்ன என்பதை இருவரும் உட்கார்ந்து பேசி வையுங்கள். இது அபசகுனம் அல்ல. பேசி முடித்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

டாக்டரிடம் கேளுங்கள்

"இந்த ஆபரேஷனை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க? எனக்கு என்ன ஆபத்து அதிகம்? ஏதாவது ஆனா இங்கேயே தீவிர சிகிச்சை வசதி இருக்கா?" என்று கேட்பது உங்கள் உரிமை. கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

குழந்தை பற்றி

எடை குறைந்ததும் மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கர்ப்பம் தரிக்கலாம். ஆனால் 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பம் வேண்டாம். தாய்க்கும் சிசுவுக்கும் சத்துப் போதாது. குடலையும் சேர்த்து இணைத்த ஆபரேஷனுக்குப் பின் கருத்தடை மாத்திரை உடலில் சரியாகச் சேராமல் போகலாம். காப்பர்-டி போன்ற வேறு முறையை முன்கூட்டியே டாக்டரிடம் பேசித் தேர்ந்தெடுங்கள். சத்து மாத்திரைகளை ஆயுள் முழுதும் சாப்பிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லையா? தேதியைத் தள்ளிப் போடலாம். இது பெரும்பாலும் உடனே செய்தாக வேண்டிய அவசர ஆபரேஷன் அல்ல. யாருடைய வற்புறுத்தலுக்காகவும் கையெழுத்துப் போட வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்குப் பயம் இருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ மனம் விட்டுப் பேசுங்கள்.

பயத்தை மறைக்காதீர்! கேட்டுத் தெளிவீர்! இருவரும் சேர்ந்தே முடிவெடுப்பீர்!