தடை முடிந்தது, தசை மறந்ததா?

2017 ஆகஸ்ட் 5, லண்டன். உலகத் தடகளப் போட்டியின் 100 மீட்டர் இறுதி ஓட்டம். உசைன் போல்ட் கடைசியாக ஓடிய தனிநபர் 100 மீட்டர் அது. 9.92 விநாடியில் முதலில் எல்லைக்கோட்டைத் தொட்டவர் 35 வயது அமெரிக்கர் ஜஸ்டின் காட்லின். போல்ட்டுக்கு வெண்கலம். அரங்கத்திலிருந்து எழுந்தது வெறுப்புக் கூச்சல். வென்றவர், தோற்றவர் முன் மண்டியிட்டு வணங்கினார்.

அந்தக் கூச்சலுக்குக் காரணம் காட்லின் மீது விழுந்த இரண்டு ஊக்கமருந்துத் தடைகள். 2001-இல், இளையோர் பிரிவில் ஓடியபோது, அவரது சிறுநீரில் ஆம்பெட்டமின் இருந்தது. கவனக்குறைபாட்டுக்காகச் சிறுவயது முதல் சாப்பிட்டுவந்த மாத்திரையின் எச்சம் அது. இரண்டு ஆண்டுத் தடை விதித்தாலும், காரணத்தை ஏற்று 2002-இலேயே அவரை ஓட அனுமதித்தார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 9.85 விநாடியில் தங்கம். 2005 ஹெல்சிங்கியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் உலகப் பட்டம். 2006 மே மாதம் டோஹாவில் 9.77, அன்றைய உலகச் சாதனைக்குச் சமம்.

ஆனால் அதற்கு முந்தைய மாதம் கான்சாஸ் போட்டியில் கொடுத்த மாதிரியில் டெஸ்டோஸ்டிரோன் சிக்கியிருந்தது. சாதனை அழிக்கப்பட்டது. எட்டு ஆண்டுத் தடை, பிறகு நான்காகக் குறைந்தது. தெரிந்தே மருந்து எடுத்ததில்லை என்பதே காட்லினின் வாதம்.

டெஸ்டோஸ்டிரோன் உடலே சுரக்கும் பொருள். அது உள்ளே ஊறியதா, வெளியிலிருந்து வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விடை கார்பன் அணுவில் இருக்கிறது. கார்பன்-12 லேசானது, கார்பன்-13 சற்றுக் கனமானது. மருந்து ஆலைகள் சோயா போன்ற தாவரங்களிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைத் தயாரிக்கின்றன. இத்தாவரங்களில் கனமான கார்பன் குறைவு. மக்காச்சோளம், கரும்பு முதலியவற்றில் அது கூடுதல். பலவகை உணவை உண்ணும் மனித உடல் சுரக்கும் ஹார்மோனில் இரண்டும் கலந்திருக்கும். ஆகவே கார்பன் விகிதமே மருந்தைக் காட்டிக்கொடுத்துவிடும். காட்லினின் மாதிரியும் இந்தச் சோதனையில்தான் சிக்கியது.

2010-இல் தடை முடிந்து திரும்பினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 9.79 விநாடியில் வெண்கலம். 2015 டோஹாவில் 9.74. வாழ்நாளிலேயே அவரது மிக வேகமான ஓட்டம் 33 வயதில் வந்தது. மருந்தின் பலன் இன்னும் உடலில் தங்கியிருக்கிறதா என்ற கேள்வி அப்போது வலுத்தது.

நார்வேயில் ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர் கிறிஸ்டியன் குண்டர்சன் குழு, இதே கேள்வியைச் சுண்டெலிகளிடம் கேட்டு 2013-இல் முடிவை வெளியிட்டது. சாதாரண செல்லுக்கு ஓர் உட்கரு. தசை நார் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில். புரதம் தயாரிக்க ஆணையிடுபவை இவையே. எலிகளுக்கு இரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள். தசை பருத்தது, உட்கருக்களும் பெருகின. மருந்தை நிறுத்தியதும் தசை பழையபடி இளைத்தது. பெருகிய உட்கருக்களோ மூன்று மாதம் கழித்தும் குறையவில்லை. எலியின் ஆயுளில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பிறகு ஆறு நாள் தசைக்குச் சுமை ஏற்றியபோது, மருந்து கண்ட எலிகளின் தசை நார்கள் சுமார் 30 சதவீதம் தடித்தன. மருந்தே காணாத எலிகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.

எலி மனிதனல்ல. முறையான பயிற்சியாலும் உட்கருக்கள் கூடும். எனவே காட்லினின் 9.74-க்கு மருந்தே காரணம் என்று இதை வைத்துத் தீர்ப்பளிப்பது நியாயமாகாது. அவர் திரும்பி வந்தது விதிப்படிதான். குறை விதியில் இருக்கிறது. வேண்டுமென்றே செய்த முதல் குற்றத்துக்கான தடையை, உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 2015-இல் இரண்டிலிருந்து நான்கு ஆண்டாக உயர்த்தியது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் நாட்காட்டியில் ஓடும் காலமும் தசைக்குள் ஓடும் காலமும் ஒன்றா என்பதை மனிதர்களிடம் அளந்து பார்த்த பிறகே தடையின் நீளத்தை வகுக்க வேண்டும்.

2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் போல்ட் 9.79, காட்லின் 9.80. விநாடியில் நூறில் ஒரு பங்குதான் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தது. இத்தனை சிறிய இடைவெளியில் முடிவாகும் ஆட்டத்தில், என்றோ ஏறிய மருந்தின் மிச்சம் துளியளவு இருந்தாலும், மருந்தைத் தொடாமல் அடுத்த தடத்தில் ஓடுபவருக்கு அது அநீதியே.