அன்போடு கொடுப்பதும் நஞ்சாகலாம்

"பழந்தானே பிள்ளை, அது என்ன செய்யப்போகுது?"

மாமி இப்படிச் சொன்னபோது நானும் சிரித்துக்கொண்டேன். அது 2016ஆம் ஆண்டு மார்கழி மாதக் கடைசி. புதுவருடக் கேக்குக்கு வாங்கிய பிளம்ஸைச் சுளகில் பரப்பிக் காம்பு ஆய்ந்துகொண்டிருந்தேன. படலையில் யாரோ கூப்பிடவே, சுளகை விறாந்தையில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது சுளகில் பாதியைக் காணவில்லை. பக்கத்தில் வாலை ஆட்டியபடி எங்கள் ஜிம்மி நின்றது.

அன்றிரவு ஜிம்மி இரண்டு தடவை சத்தி எடுத்தது. அளவுக்கு மிஞ்சித் தின்றதால் வந்தது, தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம். மறுநாள் அது சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் கழிக்கவேயில்லை. அதன் பிறகுதான் ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் ஓடினோம்.

"இரண்டு மூன்று நாளைக்குள் இது வழக்கத்துக்கு மாறாக என்ன தின்றது?" என்பதுதான் அவர் கேட்ட முதற் கேள்வி. நான் யோசித்துக்கொண்டு நிற்க, மகள்தான் பிளம்ஸைப் பற்றிச் சொன்னாள். வைத்தியரின் முகம் மாறிவிட்டது. "தின்ற உடனேயே கொண்டுவந்திருந்தால் சத்தி எடுக்கப் பண்ணியிருக்கலாம் அம்மா. இப்போது சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன" என்றார். சேலைன் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் விடியும்போது ஜிம்மி இல்லை. அந்த வருடம் நாங்கள் கேக் போடவில்லை.

ஒன்பது வருடம் எங்கள் வாசலைக் காத்த நாய் அது. அதைக் கொன்றது பாம்புமல்ல, வாகனமுமல்ல. எனது அறியாமைதான். அதனால்தான் அன்று தொடக்கம் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முந்திரிகையும் பழப்புளியும்

பிளம்ஸ் என்று நாம் சொல்வது உலர்ந்த முந்திரிகைப்பழம். பச்சைப் பழமானாலும் உலர்ந்ததானாலும் அது நாயின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. சில நாய்கள் நிறையத் தின்றும் தப்பிவிடும். சில நாய்கள் கொஞ்சம் தின்றாலே விழுந்துவிடும். எனவே இவ்வளவு கொடுக்கலாம் என்று ஓர் அளவு கிடையாது. வளவில் முந்திரிகைப் பந்தல் வைத்திருப்பவர்கள் கீழே உதிரும் பழங்களை அன்றாடம் கூட்டி அள்ளிவிடுவது நல்லது.

இதற்குக் காரணம் என்னவென்று நீண்ட காலம் தெரியாமலே இருந்தது. முந்திரிகையிலுள்ள தார்த்தாரிக் அமிலமே காரணமாகலாம் என்று 2021இல் அமெரிக்க மிருக நஞ்சியல் வல்லுநர்கள் எழுதினார்கள். அடுத்த வருடம், புளி தின்ற நாய்களுக்கும் இதே விதமாகச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. பழப்புளியில் அந்த அமிலம் மிக அதிகம். எங்கள் குசினியில் பழப்புளி இல்லாத நாள் ஏது? புளி உருண்டை வைக்கும் பானையை மூடி உயரத்தில் வையுங்கள். புளிக்கறி மிச்சத்தை நாய்க்கு ஊற்றாதீர்கள்.

வெங்காயமும் உள்ளியும்

சின்ன வெங்காயம், பம்பாய் வெங்காயம், லீக்ஸ், உள்ளி எல்லாம் ஒரே குடும்பம். இவை நாயின் இரத்தத்திலுள்ள செங்குழியங்களை உடைத்துவிடும். பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரே தடவையில் 50 கிராம் வெங்காயமே ஆபத்தாகலாம். அவித்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது. சிறிது சிறிதாக நாள்தோறும் கொடுத்தாலும் கெடுதிதான். உடனே ஒன்றும் தெரியாது. சில நாட்கள் சென்றபின் முரசு வெளிறும், நாய் சோர்ந்து படுக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். சோற்றோடு சொதியையும் சம்பலையும் பிசைந்து வைக்கும் நம் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள்.

இனிப்புப் பண்டங்கள்

சொக்லேட்டிலுள்ள தியோபுரோமின் என்னும் பொருளை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றுகிறது. சத்தி, நடுக்கம், இதயப் படபடப்பு, வலிப்பு என்று அது முற்றும். பால் சொக்லேட்டிலும் கறுப்புச் சொக்லேட் கொடியது. கொக்கோத் தூள் அதனிலும் கொடியது. கோப்பித் தூளும் தேயிலைச் சக்கையும் ஆகாதவையே.

நீரிழிவுக்காரர் உள்ள வீடுகளில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சீனி சேர்க்காத சுவிங்கம், இனிப்பு முதலியவற்றில் சைலிற்றோல் என்ற இனிப்பூட்டி இருக்கலாம். பத்துக் கிலோ நாய் அதில் ஒரு கிராம் தின்றாலே, அரை மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் சீனி விழுந்துவிடலாம். கூடுதலாகத் தின்றால் ஈரலும் கெடும்.

விருந்து நாட்களில்

சமைத்த கோழி எலும்பு ஊசிபோலப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். கொழுப்பும் தோலும் அள்ளி வைத்தால் கணையம் வீங்கி நாய் வேதனைப்படும். மதுவில் ஊறிய கேக், பொங்கவைத்த பாண் மா என்பவையும் வேண்டாம்.

தவறித் தின்றுவிட்டால்

நோய்க்குறி தெரியும்வரை பார்த்திருக்காதீர்கள். நான் செய்த பிழை அதுதான். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, பக்கெற் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே மிருக வைத்தியரிடம் போங்கள். தூரமென்றால் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்கப் பண்ணும் பழைய வழக்கம் வேண்டாம். அந்த உப்பே நாயின் உயிருக்கு உலை வைக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் இன்னொரு நாய் வளர்கிறது. அதற்கென்று ஒரு சிறு சட்டி வைத்திருக்கிறேன். கறிக்கு வெங்காயமும் புளியும் உப்பும் சேர்க்குமுன், அவித்த மீனில் கொஞ்சம் முள் நீக்கி, பூசணித் துண்டு இரண்டோடு வெறும் சோற்றில் பிசைந்துவிடுவேன். ஐந்து நிமிட வேலைதான். முதலில் முணுமுணுத்த மாமியே இப்போது, "நாயின்ரை சட்டிக்கு எடுத்து வைச்சிட்டியே பிள்ளை?" என்று கேட்கிறா.

நாம் வைப்பதை நம்பித் தின்னும் பிராணி அது. நல்லது கெட்டது பார்த்து வைக்கவேண்டியவர்கள் நாம்தானே?