கழிப்பறையிலிருந்து அடுப்புக்கு

பீகார் தலைநகர் பாட்னாவில் 1982ஆம் ஆண்டு, ஒரு பொதுக் கழிப்பறையின் கழிவிலிருந்து எரிவாயு எடுத்துக் காட்டியது சுலப் நிறுவனம். அதை 1970இல் தொடங்கியவர் பிந்தேஷ்வர் பாடக். ஒருவரின் ஒரு நாள் கழிவு ஏறத்தாழ ஒரு கன அடி, அதாவது 28 லிட்டர் வாயு தரும் என்பது சுலப்பின் கணக்கு. இதைச் சமையல் எரிவாயுவோடு ஒப்பிட்டால், 35 பேரின் ஒரு மாதக் கழிவு சுமார் ஒரு வீட்டு சிலிண்டருக்கு ஈடாகும். ஒரு குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகாது. 200 மாணவர்கள் தங்கும் விடுதியிலோ மாதம் ஐந்து சிலிண்டர் மிச்சம்!

தருமபுரி மாவட்டத்தில் ஆள்கூட்டம் சேரும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல் நிரம்பி வழியும். அங்கே நிறுத்தும் நடமாடும் கழிப்பறையே எரிவாயு தயாரித்தால் என்ன என்று பலருக்கும் தோன்றும். அது நடக்காது. மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் காற்றுப் புகாத கலனில், 35 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், நிதானமாக வேலை செய்பவை. முழுதாகச் செரிக்க ஒரு மாதம் பிடிக்கும். விழா முடிந்ததும் கிளம்பிவிடும் வண்டியில் அதற்கு நேரமில்லை. வாளி வாளியாய் ஊற்றும் தண்ணீர் கழிவை நீர்க்கச் செய்கிறது. நாற்றம் போகத் தெளிக்கும் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் அந்த நுண்ணுயிர்களையே கொன்றுவிடுகின்றன.

ஓடும் வண்டியிலேயே கழிவைச் செரிக்கும் கழிப்பறைகளும் உண்டு. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் உயிரிக் கழிப்பறைகள் ரயில்களில் 2 லட்சத்துக்கும் மேல் உள்ளன. தண்டவாளத்தில் மலம் விழாமல் தடுத்தது பெரிய சாதனை. ஆனால் அவற்றில் உண்டாகும் வாயு காற்றோடு போகிறது. கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்குவது மீத்தேன். அதை எரிப்பதே நல்லது.

ஆகவே வண்டி சேகரிக்கட்டும், நிலையான கலன் செரிக்கட்டும். கறவை மாடுகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் சாண எரிவாயு புதிதல்ல. நாளுக்குப் பத்துக் கிலோ சாணம் போடும் ஒரு மாடு பதினான்கு பேருக்குச் சமமான வாயு தரும். பண்ணையை ஒட்டிய பெரிய கலனில் சாணத்தோடு மனிதக் கழிவும் சேர்ந்தால், விழா இல்லாத மாதங்களிலும் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்காது.

இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கலனில் செரித்த பிறகும் வட்டப்புழு முட்டைகள் பிழைத்திருக்கும். வெளிவரும் குழம்பைச் சூடேற மட்கவைக்காமல் வயலில் விடக் கூடாது. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தொட்டியிலிருந்து கலன்வரை மூடிய குழாயும் இயந்திரமும்தான் கழிவைத் தொட வேண்டும்.

நடமாடும் கழிப்பறைக்கு ஒப்பந்தம் கோரும்போது, கழிவு எந்தக் கலனுக்குப் போய்ச் சேரும் என்பதையும் மாவட்ட நிர்வாகம் நிபந்தனையாக எழுத வேண்டும். முதல் கலனை ஒரு அரசு மாணவர் விடுதியின் சமையற்கூடத்துக்குப் பின்னால் கட்டலாம்.